கன்னியப்பன் அண்ணன் பேனரில் பதினோரு ஜோடி

அந்தப் புருவத் தழும்பை நான்தான் அழித்தேன்.

காலை பத்து மணி இருக்கும். கள்ளிக்குப்பத்தில் என் டிசைன் கடையின் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தேன். கம்ப்யூட்டர் சோம்பல் முறித்து எழுந்திருப்பதற்குள், பாடியில் பேனர் அச்சடிக்கும் பாபுவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கூடவே அவன் குரல்.

"க்கா, கண்ணீர் அஞ்சலி ஒண்ணு. பத்துக்கு எட்டு அடி. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறாங்களாம். மதியானத்துக்குள்ள அடிச்சிக் குடுக்கணும். பேருலாம் அந்த நம்பருக்கு நீயே பேசிக் கேட்டுக்கோ."

போட்டோவில் ஒரு கிழவர். ஆஸ்பத்திரித் தலையணை. மீசை இல்லை. பல் செட் கழற்றி வைத்த வாய்.

இந்த வேலையில் கை முதலில் ஓடும், கண் பின்னால் வரும். தலையணையை எடுத்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைக் குறைத்தேன். கன்னத்தில் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தேன். வலது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. அதன்மேல் இரண்டு தடவை தேய்த்தேன். போய்விட்டது.

புருவம் முழுசாக ஆனதும்தான் என் கை நின்றது.

அந்தப் புருவம் முழுசாக இருந்த நாட்களை எனக்குத் தெரியும். உடைந்த நாளும் தெரியும். உடைத்தது என் சொந்த அண்ணன்.

அது கன்னியப்பன் அண்ணன்.

எனக்கு அழுகை வரவில்லை. நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? செய்த வேலையை ரத்து செய்யும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி, அந்தத் தழும்பை அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்த வாரப் பத்தியில் என் கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய கதையைச் சொல்வதாக இருந்தேன். அது கிடக்கட்டும்.

"நாந்தான் பொண்ணு ஊடு"

நான் பாரிவாக்கத்தில் ஊர்த்தெருவில் பிறந்தவள். என் வீட்டுக்காரர் சுந்தர், காலனியில் பிறந்தவர். இந்த இரண்டு வரிக்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. மிச்சம் உங்களுக்கே தெரியும்.

கன்னியப்பன் அண்ணன் எங்கள் தெருக்காரர். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. பாடியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. ஷிப்டு முடிந்தால் கையில் டேப்பு. தோல் கட்டிய அந்த வட்டத்தை டீக்கடை அடுப்பில் காட்டிச் சூடேற்றி, விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். அம்பத்தூர் எஸ்டேட்டின் பாதிக் கம்பெனிகளில் யூனியன் நடத்தும் வாசல் கூட்டங்களில் அவர் பாட்டுக்கு ஆட்கள் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார்கள்.

நானும் சுந்தரும் பூந்தமல்லியில் பதிவுக் கல்யாணம் செய்யப் போன நாளில் மூன்று சாட்சி வேண்டும் என்றார்கள். சுந்தரின் ஷிப்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது ஆள் பயந்துகொண்டு வரவில்லை. பெண் வீட்டிலிருந்து யாராவது உண்டா என்று குமாஸ்தா கேட்டார்.

வாசலில் டேப்பு அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார்.

"நானு கீறேன் சார். நாந்தான் பொண்ணு ஊடு."

அவர் பின்னாலேயே என் அண்ணன் வந்ததை யாரும் பார்க்கவில்லை. கையில் கிடைத்த சைக்கிள் பூட்டை என்னைப் பார்த்து எறிந்தான். நடுவில் இருந்தது கன்னியப்பன் அண்ணனின் நெற்றி.

புருவம் பிளந்து ரத்தம் கன்னத்தில் வழிய, கைக்குட்டையால் அழுத்திக்கொண்டே உள்ளே வந்து பேனா கேட்டார். குமாஸ்தா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "பயப்படாதீங்க சார். ஒழுவறதுதான் செவப்பு. கையெழுத்து நீலத்துலயே போடறேன்" என்றார். தன் பெயரை எழுதி, பக்கத்தில் 'பெண்ணின் அண்ணன்' என்று எழுதினார். ஒருவரும் மறுக்கவில்லை.

பிறகு எதிரே இருந்த ஸ்டுடியோவில் எங்களை நிறுத்திப் படம் எடுக்க வைத்தார். பிறகு பரோட்டாக் கடை. நாங்கள் ஐந்து பேர். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவாவது வருவாளா என்று. அவர் மேஜையிலேயே டேப்பைத் தட்டி அங்கேயே பாட்டுக் கட்டிப் பாடினார்:

"யாரு வரல யாரு வரலன்னு எண்ணாத கண்ணு
வந்திருக்கிற நாலு பேரோட சோறு துன்னு!"

அதற்கப்புறம் எத்தனையோ கல்யாணங்களில் அதைப் பாடினார். முதலில் பாடியது எனக்கு.

எட்டு மாதம் கழித்து என் அப்பா செத்துப்போனார். என்னைத் தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கன்னியப்பன் அண்ணன் வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"தோ பாரு கண்ணு. உங்கப்பாரு சக்கரையில பூட்டாரு. கால்ல புண்ணு ஆறல. டாக்டர் எழுதின சீட்ட நான் என் கண்ணால பார்த்தேன். உன்னால இல்ல. எவன் இன்னா சொன்னாலும் காதுல வாங்காத."

அந்த நாலு வரியைச் சாப்பிட்டுத்தான் நான் பல வருஷம் உயிரோடு இருந்தேன்.

கீழே யார் படம்

என் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அஞ்சலி பேனரில் மேலே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் இறந்தவர். அவருக்குப் பின்னால் மேகம், மேகத்தில் புறா. தோற்றம், மறைவு. இதெல்லாம் பத்து நிமிஷ வேலை. கீழே வரிசையாக வருகிறதே, அஞ்சலி செலுத்துகிறவர்களின் படங்கள், அதற்குத்தான் பாதி நாள் போகும். யார் முதலில், யார் கூலிங் கிளாஸோடு, யார் பக்கத்தில் யார் வரக் கூடாது. ஒருவர் தன் மச்சான் செத்ததற்கு மூன்று தடவை வந்து, "என் மூஞ்சி இன்னும் கொஞ்சம் பெருசா வரட்டும்மா" என்றார். மூன்றாவது தடவை செத்த மச்சானைவிட இவர் பெரியவராகிவிட்டார். பாபு அச்சடிக்கும்போது கேட்டான், "க்கா, இதுல யார புதைக்கறாங்க?"

இன்னொரு வழக்கமும் எனக்கு உண்டு. ஒரு கிரகப்பிரவேச பேனரில் மாப்பிள்ளையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். மறுநாள் சமாதானமாகி, மாப்பிள்ளையைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். எங்கே போய்த் தேடுவது? அன்றிலிருந்து நான் யாரையும் அழிப்பதில்லை. மேலே ஒரு பட்டை போட்டு மூடிவிடுவேன். அடியில் ஆள் பத்திரமாக இருப்பார்.

இந்த வழக்கம்தான் அன்றைக்கு என்னைக் கவிழ்த்தது.

"சக்கரை இல்ல"

கன்னியப்பன் அண்ணன் இப்படிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுப் பாடி வைத்த கல்யாணங்கள் பதினொன்று. ஆவடி, பாடி, திருமுல்லைவாயில் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். எல்லாரும் சேர்ந்து ஒருமுறை அம்பத்தூரில் ஒரு சின்ன ஹால் பிடித்து அவருக்குப் பாராட்டு விழா நடத்தினோம். அதற்கான பேனர்தான் நான் செய்த முதல் பெரிய பேனர். நடுவில் டேப்போடு சிரிக்கும் அவர். கீழே பதினோரு ஜோடிகளின் கல்யாணப் படம். வாட்ஸ்அப் வந்தபோது எங்கள் குழுவுக்குப் பெயரே 'பதினோரு ஜோடி'.

பிறகு தொழிற்சாலை மூடியது. வாசல் கூட்டங்கள் இல்லை. கொஞ்ச நாள் அவர் பாட்டே கேட்கவில்லை. பிறகு ஒரு சாதிச் சங்கத்து மேடையில் பொன்னாடையோடு அவர் நிற்கிற படம் வந்தது. நாங்கள் நம்பவில்லை. யாரோ கூப்பிட்டார்கள், போயிருப்பார் என்றோம்.

ஏன் மாறினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். என் கடைத் தெரு இஸ்திரிக்காரர் சொன்னதுதான் என் மனசில் நின்றது: "கைதட்டு இல்லாம கொஞ்ச நாளு இருந்தாரும்மா. அப்பால எங்க தட்னாங்களோ அந்தாண்ட நவுந்துட்டாரு." அதுவும் முழுக் காரணமாக இருக்குமா? தெரியவில்லை.

நாலு வருஷம் முன்பு ஒரு நாள். நான் சமையற்கட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுந்தர் போனைக் கொண்டுவந்து நீட்டினார். ஏதோ ஒரு சேனலில் கன்னியப்பன் அண்ணன் பேட்டி.

"நான் பாடி வெச்ச ஒவ்வொரு கல்யாணமும் ஒரு அப்பன் தலையில போட்ட கல்லு. மொத கல்ல எங்க தெருவுலயே போட்டேன். அந்தப் பொண்ணோட அப்பன் எட்டே மாசத்துல பூட்டாரு. சக்கரைன்னு சொன்னாங்க. சக்கரை இல்ல. மானம்."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு கிலோவும் முடிந்த பிறகுதான் கையைப் பார்த்தேன்.

அன்று மாலைக்குள் 'பதினோரு ஜோடி' குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் வெளியேறினேன். கடைசியில் சுந்தர் மட்டும் அதில் தனியாக இருந்தார். இப்போதும் இருக்கிறார். "ஏன்யா, காலி ஊட்டுக்கு வாட்ச்மேன் வேலையா?" என்று கேட்டால், "இருந்துட்டுப் போறேன், உனக்கு இன்னா நஷ்டம்?" என்பார்.

எனக்குக் கன்னியப்பன் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. அண்ணே, அன்றைக்கு என் வீட்டில் நின்று சொன்னது பொய்யா, இன்றைக்குச் சேனலில் சொன்னது பொய்யா? இதற்கு ஒரு பதில் தெரிந்தால் போதும். திட்டக்கூட மாட்டேன். ஒருமுறை பாரிவாக்கம் சிக்னல்வரை ஷேர் ஆட்டோவில் போனேன். இறங்கினேன். எதிர்ப்பக்கம் போய் நின்று திரும்பும் ஆட்டோவைப் பிடித்தேன். அடுத்த மாதம் போகலாம், பொங்கல் கழித்துப் போகலாம் என்று நாலு வருஷம் ஓட்டினேன்.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஆள் பத்துக்கு எட்டு பேனராக என் திரையில் இருந்தார்.

பெயர் இல்லாத பேனர்

பாபு கொடுத்த நம்பருக்குப் பேசினேன். எடுத்தது அவர் மகள் கவிதா. நான் அந்தத் தெருவை விட்டு வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. என் குரல் அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. ராத்திரி மாரடைப்பு என்றாள். தேதிகளைச் சொன்னாள்.

"கீழ யார் யார் பேரும்மா போடணும்?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"பேருங்களா... சங்கத்துல கேட்டேன்க்கா. தலைவரு வெளியூர்ல கீறாராம். அவரு சொல்லாம பேரு குடுக்க முடியாதுன்னாங்க. அப்பா பழைய கூட்டாளிங்க யாரும் இப்ப பேசறதில்ல. சொந்தக்காரங்க நெறைய பேரு பகை. சொம்மாவே வுட்டுடுங்க."

"உன் பேராவது போடட்டுமா?"

"நான் ஒருத்தி. எனக்கு இன்னாத்துக்கு பேனர்ல பேரு?"

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பேனர் நான் செய்ததில்லை. அடியில் ஓர் ஆள்கூட இல்லாத அஞ்சலி.

அவர்கள் அனுப்பிய போட்டோ சின்னது. பத்துக்கு எட்டுக்கு இழுத்தால் முகம் புள்ளி புள்ளியாக உடையும். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, அந்தப் பாராட்டு விழா பேனரைத் திறந்தேன். டேப்போடு சிரித்தார். மேலே இருந்த வாழ்த்தை எடுத்துவிட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று வைத்தேன். கீழே நாங்கள் பதினோரு ஜோடி. எல்லாருக்கும் இருபத்துச் சொச்சம் வயது.

எங்கள்மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டு மூடினேன். அதே ஃபைலை அப்படியே பாபுவுக்கு அனுப்பினேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"ஆளுங்க கீறாங்களே"

மதியம் இரண்டு மணிக்கு ஆவடியிலிருந்து டேவிட் போன். எங்கள் பதினோரு ஜோடியில் டேவிட்–புவனா ஒரு ஜோடி. நாலு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை.

"இன்னா வசந்தி, கிண்டலா? நான் எப்போ அந்தாளுக்கு அழுதேன்? என் பொண்டாட்டி எப்போ அழுதா?"

"எனக்குப் புரியல டேவிட்டு."

"புரியலையா? ஒருத்தன் ஸ்டேட்டஸ்ல போட்டுகீறான் பாரு. அந்தாளு வூட்டு வாசல்ல பேனர். கீழ மொத்த கும்பலும் பல்ல இளிச்சிகினு கீறோம். எங்க கல்யாணத்தையே கல்லுன்னு சொன்ன ஆளுக்கு நாங்க கண்ணீர் அஞ்சலியா? வசந்தி, புவனா காலையில சேதி கேட்டதுலேர்ந்து ஒண்ணும் துன்னல. இப்ப இத வேற பார்த்துட்டா."

அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். என் பட்டை இல்லை. நாங்கள் எல்லாரும் இருந்தோம். இடமிருந்து முதல் ஜோடி நானும் சுந்தரும்.

பாபுவுக்குப் போட்டேன்.

"ஆமாங்க்கா, நாந்தான் எடுத்து வுட்டேன்" என்றான் பெருமையாக. "கீழ வெறும் கறுப்பா இருந்துச்சி. யாருமே இல்லாம அஞ்சலி பேனரா? எங்கயாவது உண்டா? பட்டைய நவுத்திப் பார்த்தா அடியில ஆளுங்க கீறாங்களே! அவசரத்துல நீ மறைச்சிட்டு மறந்துட்டன்னு நெனச்சேன். உன்னைக் கேக்கலாம்னு ரெண்டு தபா போட்டேன், நீ எடுக்கல. நல்லவேளை நான் பார்த்தேன். இல்லாட்டி பாவம், அநாதப் பொணம் மாரி போயிருப்பாரு."

அவனை என்ன சொல்லித் திட்டுவது? பத்து வருஷமாக அவன் அச்சடித்த எந்தச் சாவும் ஆள் இல்லாமல் போனதில்லை.

ஸ்டூல்

பேப்பர் வெட்டும் கத்தியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சுந்தரின் வண்டியில் ஏறினேன். பூந்தமல்லி ரோட்டில் திரும்பும்போது அவர் கேட்டார், "எடுத்தே ஆவணுமா?"

"ஆவணும்."

நான் பிறந்த தெருவுக்குள் இருபது வருஷம் கழித்து நுழைந்தேன். நான் பிறந்த வீடு இருந்த இடத்தில் நாலு மாடி ஃப்ளாட். மூன்றாவது மாடியிலிருந்து ஓர் இளம்பெண் லேப்டாப்போடு எட்டிப் பார்த்தாள். என்னைத் தடுத்து நிறுத்த அந்தத் தெருமுனையில் யாருமே இல்லை. அதுவே எனக்கு ஓர் அடி மாதிரி இருந்தது.

வாசலில் பத்து நாற்காலி. ஏழு காலி. காம்பவுண்டுச் சுவரில் பேனர்.

கவிதா வெளியே வந்தாள். அப்பாவின் கண். "நான்தான் பேனர் செஞ்சு குடுத்தவ" என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா கீதுக்கா. வெறுமையா இருக்கும்னு பயந்துகினு இருந்தேன். பேரு இல்லன்னா நீங்களே இப்படி ஆளுங்க போட்டுத் தருவீங்களா? யாருக்கா இவங்கள்ளாம்? சிரிச்ச மூஞ்சா கீறாங்க."

நான் எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். இது போல் ஒன்று சொன்னதில்லை. சொன்னேன். யார் நாங்கள், அவர் எங்களுக்கு என்ன செய்தார், பிறகு என்ன சொன்னார், இந்தப் படங்கள் எப்படி வெளியே வந்தன, எல்லாம். முதல் ஜோடி நாங்கள் என்றும் சொன்னேன்.

அவள் பேனரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு ஸ்டூலோடு வந்தாள்.

"எடுத்துக்கோங்கக்கா. ஆடும், நான் புடிச்சிக்கறேன்."

ஏறினேன். எங்கள் கட்டத்தின் மேல் ஓரத்தில் கத்தியை வைத்தேன். கீழேயிருந்து சுந்தர் குரல்.

"ஏ... வசந்தி. என்னை ஏன் அறுக்கற?"

"பின்ன?"

"நீ போறதுன்னா போ. என்னை ஏன் இஸ்துகினு போற? அந்தாளு பேசினது தப்பு. பெரிய தப்பு. ஆனா அன்னிக்கு என்னாண்ட வந்து நின்னது அவருதான். எனக்கு அழணும். என்னை வுட்டுடு."

இருபது வருஷத்தில் என் வீட்டுக்காரர் தெருவில் நின்று இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அதனால் படத்தை நடுவில் வெட்டினேன். அந்தப் படத்தில் அவர் என் தோளில் கை போட்டிருப்பார். எப்படி வெட்டினாலும் அவருடைய நாலு விரல் என்னோடு வந்துவிட்டது. துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பேனரில் சுந்தர் மட்டும், விரல் இல்லாத கையோடு, ஓட்டைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். ஓட்டை வழியாகச் சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது.

"இதுல நீ எங்க கீற?"

டேவிட்டும் புவனாவும் வந்து இறங்கினார்கள். டேவிட் கையில் பிளேடு. நான் கத்தியை நீட்டினேன். அவர் வாங்குவதற்குள் ஒரு வேன் வந்து நின்றது.

தோளில் ஒரே நிறத் துண்டு போட்ட சங்கத்து ஆட்கள் ஐந்தாறு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் கையில் மாலை. பேனரைப் பார்த்ததும் மாலையைப் பின்னால் இருந்தவனிடம் கொடுத்தார்.

"இன்னாம்மா கவிதா இது? இதுங்க மூஞ்சியெல்லாம் எதுக்கு இங்க? அவரே தப்புன்னு ஒத்துகினு தலை முழுவின கேஸுங்க. எங்க ஆளுங்க பார்த்தா எவ்ளோ அசிங்கம். டேய், கிழிச்சி எட்றா!"

ஒருவன் பேனரின் கயிற்றைப் பிடித்தான்.

நான் அங்கே வந்ததே அந்த முகங்களை எடுக்க. டேவிட் வந்ததும் அதற்குத்தான். ஆனால் அந்தக் கயிறு இழுபட்டதைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கை வெக்காத. எங்க மூஞ்சிய நாங்கதான் எடுப்போம்."

துண்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். "எங்க மூஞ்சியா? நீ யாரு? இதுல நீ எங்க கீற?"

பர்ஸைத் திறந்தேன். என் படத் துண்டை எடுத்து, சுந்தருக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன்.

"இங்க."

டேவிட் என் பக்கத்தில் வந்து நின்றார். "தோ பாரு நைனா. நானும் எடுக்கத்தான் வந்தேன். ஆவடிலேர்ந்து வெயில்ல வந்துகீறேன். ஆனா நீ சொல்லி எடுக்க மாட்டேன். புரிதா?"

கவிதா ஸ்டூலை நகர்த்தி அந்தக் கயிற்றுக்குக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "காலையில பேரு கேட்டேன். தலைவரக் கேக்கணும்னீங்க. இப்ப யாரக் கேட்டு கிழிக்கறீங்க? பேனர் குடுத்தது நானு. மால போடறதுன்னா உள்ள போயி போடுங்க."

அவர்கள் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள். மாலையைப் போட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, உடலை எடுப்பதற்கு முன்பே கிளம்பினார்கள்.

அதன் பிறகு எல்லாரும் அழுது கட்டிக்கொண்டோம் என்று நீங்கள் நினைத்தால் அப்படி இல்லை. டேவிட் பிளேடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புவனா அதைத் திரும்ப வாங்கினாள். "அவனுங்க போயிட்டானுங்க இல்ல? இப்ப நானா எடுக்கறேன்" என்று ஸ்டூலில் ஏறி, தங்கள் கட்டத்தை ஓரம் பிசகாமல் வெட்டி, நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போய் வண்டிப் பக்கம் நின்றாள். உள்ளே வரவில்லை. அவள் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் உள்ளே போனேன். ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். புருவத் தழும்பு இருந்தது. நாலு வருஷமாக வைத்திருந்த கேள்வியை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எங்கே போய்ச் சேரும் அது? அந்தக் கேள்வியோடுதான் நான் இனிமேல் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கவிதாவிடம் மெதுவாகக் கேட்டேன். "கடைசியில எதுனா சொன்னாராம்மா? எங்களைப் பத்தி?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இல்லக்கா. சேனல்ல சொன்னதையேதான் சொல்லிகினு இருந்தாரு."

நாலு மணிக்கு எடுத்தார்கள். டேப்பு இல்லை. தூக்க ஆள் போதாமல் டேவிட் ஒரு பக்கம் தோள் கொடுத்தார், சுந்தர் ஒரு பக்கம். எண்ணாதே என்று பாடினவர் போகும்போது நான் எண்ணினேன். பதினாறு பேர்.

அந்தப் படத் துண்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. பஸ்ஸுக்குச் சில்லறை தேடும்போது கையில் வரும். இருபத்திரண்டு வயது வசந்தி, தோளில் நாலு விரல். போன வாரம்தான் அதை வெளிச்சத்தில் வைத்துச் சரியாகப் பார்த்தேன். எத்தனை படங்களைத் திருத்தியிருக்கிறேன், என் படத்தில் இதைக் கவனித்ததே இல்லை. நான் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்கு இடது பக்கம் பார்க்கிறேன். அங்கே, ஸ்டுடியோக்காரருக்குப் பக்கத்தில், புருவத்தைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு ஒருவர் நின்று, "சிரி கண்ணு, நல்லா சிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.